வீடு நீந்திய நாள்

ஆண்டவரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
இன்று செபிக்க உட்காரவில்லை.
கதவுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
மூன்று. அடுப்படிக் கதவோடு நான்கு.
எல்லாவற்றையும் கீலோடு கழற்றிவிட்டார்கள்,
ஜன்னல்களையும்.
தண்ணீர் உள்ளே வந்துபோக வழி வேண்டுமாம்.
வழிவிடாத வீட்டைத்தான் கடல் உடைக்குமாம்.
ஃபிலிதோர் சொல்கிறார்.
பாதிரியார் வருடத்துக்கொரு முறை படகேறி வரும்
எங்கள் சிலோயே கரையில்
கோயில் சாவியும் அவரிடம்தான்,
கயிறு கட்டும் கணக்கும் அவரிடம்தான்.

கடல் முதலில் உருளைக்கிழங்குப் பாத்தியைத் தின்றது.
பிறகு வேலியை.
போன குளிர்காலத்தில் ஆப்பிள் மரத்தை, காயோடு.
இரவில் மண் சரிகிற சத்தம்
பக்கத்து அறையில் யாரோ
புரண்டு படுப்பது மாதிரி இருக்கும்.

ஒரோசிம்போவை எடுத்துக்கொண்டபோது
ஒற்றைத் துடுப்பைத் திருப்பித் தந்தீர்.
துடுப்பை வைத்துக்கொண்டு எதைப் புதைப்பது?
புதைத்தேன். சிலுவையும் நட்டேன்.
அடுத்த கோடையில் கடலுக்குள் நஞ்சு பூத்தது,
மட்டி பொறுக்கக் கூடாதென்று பலகை வைத்தார்கள்.
காலடியில் மட்டி குவிந்து கிடக்க
கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தோம்.
அப்புறம் எலியேசர்.
சால்மன் பண்ணையில் முக்குளித்தவனை
ஒருநாள் அவசரமாய் மேலே இழுத்தார்கள்.
இரத்தத்தில் காற்றுக் குமிழ்.
இடது கால் இன்னும் விழிக்கவில்லை.

அன்றுதான் உம்மோடு பேச்சை நிறுத்தினேன்.
மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றி வைப்பேன்,
கோபத்தில் இருக்கும் மனைவி
தட்டை வைத்துவிட்டு
முகத்தைப் பார்க்காமல் போவாளே, அப்படி.

எட்டு ஜோடி எருதுகள்.
உருளும் கட்டைகளின்மேல்
வீடு கரைக்கு நடந்தது.
கூலி கிடையாது, வயிறாரச் சோறு போடுவதோடு சரி.
நேற்று முழுக்கக் கிழங்கு துருவியதில்
விரல்முட்டியில் தோல் இல்லை.
என்னைத் திட்டியவள்கூடக் கயிறு பிடித்தாள்.
மழையும் வந்தது, அதை யாரும் கூப்பிடவில்லை.

ஓதம் ஏறியது.
மீன்செதிலாய் மரத்தகடு வேய்ந்த சுவர்
தன் ஊருக்குப் போவதுபோல் தண்ணீரில் இறங்கியது.
பாறைமேல் கட்டியவனைப் புத்திசாலி என்றீர்,
மணல்மேல் கட்டியவனை மூடன் என்றீர்,
தண்ணீர்மேல் விட்டவளைப் பற்றி
ஒன்றும் சொல்லிவைக்கவில்லையே.

நடுக்கால்வாயில் ஒரு கயிறு அறுந்தது.
வீடு மெல்லத் திரும்பியது.
துணை வந்த படகில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.
"பிடியுங்கள்" என்று கத்தினேன்.
உம்மிடமா, ஃபிலிதோரிடமா,
இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.
அவர் தாவி முனையைப் பிடித்தார்,
உள்ளங்கை கிழிந்தது.
அந்த நேரம் பார்த்து
வீடு தன் முன்வாசலை எனக்கு நேராகக் காட்டியது.
முன்வாசல் வழியே கொல்லைவாசல்.
கொல்லைவாசல் வழியே அக்கரை,
ஒரு பசு, ஈரப் புல், புகை.

கதவு இருந்திருந்தால் கதவைத்தான் பார்த்திருப்பேன்.

இதை விசுவாசம் என்று எழுதிக்கொள்ளாதீர்.
கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன்.
வேறு வழி இருந்திருந்தால் அந்த வழியில் போயிருப்பேன்.

இப்போது மேட்டில் நிற்கிறது, சற்றே சாய்ந்து.
சுவரில் இடுப்பளவு உப்புக்கோடு.
எலியேசர் கைத்தடியைச் சாத்திவிட்டு
தரையில் உட்கார்ந்தபடி கீல் முடுக்குகிறான்,
"கோணல் வீட்டில் நொண்டிக்குத்தான் வசதி" என்கிறான்.
ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.
ஃபிலிதோரின் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டேன்.
அடுப்பு பற்ற மூன்று தீக்குச்சி ஆனது.

அடுப்படிக் கதவு மட்டும் சட்டத்தில் சேரவில்லை,
ஒரு விரற்கடை திறந்தே நிற்கிறது.
நாளைக்குச் சீவித் தருகிறேன் என்றான்,
அவசரமில்லை என்றேன்.
காற்று வருகிறது.
துடுப்பு அந்தக் கரையிலேயே இருக்கிறது, ஆண்டவரே,
சிலுவையோடு, சரிவின் ஓரத்தில்.
அதைப் பற்றி இனிமேல்தான் பேச வேண்டும்.
உட்காரும்.